பூங்காவனம் மைக் செட் வாங்கிய கதை

அஞ்சலையின் கல்யாணம் ஒரு மைக்கால் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சீரில் குறை இல்லை, ஜாதகத்தில் தோஷம் இல்லை, பந்தலில் சண்டை இல்லை. மைக்கை அணைக்க வேண்டியவன் அணைக்கவில்லை, அவ்வளவுதான்.

அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். அஞ்சலைக்குத் தாயும் தகப்பனும் அவள் அக்கா பூங்காவனம்தான். பூங்காவனத்தின் கணவனை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்கு லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. மலாக்காவின் காஜா பெராங்கில், சடக்கு என்று அங்கே சொல்கிற சாலையின் ஓரம், ஓர் ஒட்டுக்கடை போட்டு, தோசையும் கோப்பியும் விற்று, அவள் தங்கையை வளர்த்து ஆளாக்கினாள்.

அந்த வட்டாரத்துத் தமிழர்களின் கல்யாணம், திருவிழா, கூட்டம் எதுவானாலும் நடராஜனின் மைக் செட்தான் வரும். தகரக் குழாய் ஒலிபெருக்கிகளைத் தென்னை மரத்தில் உயரக் கட்டி, கீழே ஆம்ப்ளிஃபையர் பெட்டியோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். முந்தின வருஷம் அவனே அஞ்சலையைப் பெண் கேட்டு வந்தவன். அவன் கள்ளுக்கடையில் விழுந்து கிடப்பதைப் பலமுறை பார்த்திருந்த பூங்காவனம், வாசலிலேயே வைத்து முடியாது என்று சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டே போனான். அதனால் மறந்துவிட்டான் என்று நினைத்து, கல்யாணத்துக்கு அவனையே கூப்பிட்டாள்.

கல்யாணத்தன்று காலை பெண்கள் நலுங்குப் பாட்டுப் பாடட்டும் என்று பெண் இருந்த அறைக்குள் ஒரு மைக்கைக் கொண்டுவந்து வைத்தான். பாட்டு முடிந்து பெண்கள் எழுந்து போனார்கள். மைக் அங்கேயே இருந்தது. அக்காவும் தங்கையும் மட்டும் தனியாக இருந்தபோது அஞ்சலை உடைந்து அழுதாள்.

"அக்கா, எனக்கு இவரு வேணாம்னு தோணுதுக்கா. பாத்தாலே பயமா இருக்கு."

"எல்லாம் சரியாயிடும்டி. நான் மட்டும் உங்க மாமாவப் புடிச்சா கட்டிக்கிட்டேன்? அந்த மனுசன் தொட்டாலே எனக்கு ஒடம்பு கூசும். பழகிப் போச்சு."

இரண்டு பேர் குரலும் குழாய் வழியே சடக்கு முழுக்கக் கேட்டது. பந்தலில் தவில்கூட நின்றுபோனது. ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடராஜன் மைக் விசையைத் தட்டி அணைக்கவில்லை. குமிழைப் பிடித்து இன்னும் கொஞ்சம் ஏற்றினான். அதைப் பத்துப் பேராவது கண்ணால் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

நடராஜன் அதோடு விடவில்லை. கள்ளுக்கடையில் அஞ்சலை அழுத மாதிரி அழுது காட்டி, பூங்காவனம் பேசிய மாதிரி பேசிக் காட்டி, கேட்டவர்களிடம் ஆளுக்கொரு குவளை கள் வாங்கிக் குடித்தான். அஞ்சலை கோலாலம்பூருக்குப் போய் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதன்பிறகு மலாக்காப் பக்கம் அவள் வரவேயில்லை. பூங்காவனம் கடையிலேயே இருந்தாள். கடைக்குச் சாப்பிட வரும் ஆண்கள் அவள் கணவனைப் பற்றித் தங்களுக்குள் என்ன கிசுகிசுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அவள் ஒன்றை முடிவு செய்தாள். நடராஜனை வேறு எதிலும் தொடக்கூடாது, அந்த மைக்கில்தான் தொட வேண்டும்.

வழி கிடைக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ஊரிலிருந்த ஒரு படக்கொட்டகையில் திரையை அகலமாக்கிச் சத்தக் கருவிகளையும் புதிதாக மாற்றினார்கள். பழைய ஆம்ப்ளிஃபையரை நடராஜன் மலிவாக வாங்கிப் போனான். அதோடு வேலை செய்த இரண்டு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை மட்டும் காலால் எட்டி உதைத்து, "சவப்பெட்டி மாதிரி இருக்கு, எனக்கு எதுக்கு?" என்று விட்டுவிட்டான். யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்த பெட்டிகள் அவை. ஆளுயரம், தேக்குப் பலகை. கொட்டகையின் பின்னால் தார்ப்பாயின் கீழே கிடந்தன.

இதைப் பூங்காவனத்திடம் சொன்னவன் நல்லையா. அதே கொட்டகையில் படம் ஓட்டியவன், புது மெஷினோடு புது ஆளும் வந்ததால் வேலை போனவன், தினமும் அவள் கடையில் பசியாறுகிறவன்.

"அந்தப் பெட்டியோட சத்தத்த நீங்க கேட்டிருக்கீங்களா தங்கச்சி? கதாநாயகி மூச்சு விட்டா கடைசி பெஞ்சுல இருக்கிறவனுக்குக் கழுத்துல படும்."

"எனக்கு அந்தப் பெட்டி வேணும் அண்ணே," என்றாள் பூங்காவனம்.

விறகு விலைக்குக் கிடைத்தது. மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கடைக்குப் பின்னால் இருந்த கொட்டாயில் நிறுத்தினார்கள். அதன்பிறகுதான் தொல்லை தொடங்கியது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் மின்சாமான் கடை வைத்திருந்த ஷரீஃபுதீன், பரீட்சை பார்க்கச் சொல்லிப் புத்தம்புது ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொடுத்தார். இணைத்தார்கள். கொசு ரீங்காரம் மாதிரி ஏதோ கேட்டது, அவ்வளவுதான். பூங்காவனத்துக்கு முகம் வெளுத்தது. நடராஜன் சொன்னது நிஜம்தானோ, சவப்பெட்டியைத்தான் காசு கொடுத்து வாங்கினோமோ?

நல்லையா பெட்டியின் முதுகைக் கழற்றிக் காட்டினான். "இப்ப வர்ற ஸ்பீக்கர்ல காந்தம் உள்ளயே இருக்கும். இதுல காந்தமே கெடையாது. இந்தச் சுருள்ல தனியா கரண்டு பாஞ்சாத்தான் இரும்பு காந்தமாவும். பழைய ஆம்ப்ளிஃபையர் அந்தக் கரண்டையும் சேத்துக் குடுக்கும். புதுசு குடுக்காது."

அடுத்து ராணுவம் ஏலம் விட்ட பெரிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை ஷரீஃபுதீன் அனுப்பினார். தூக்க இரண்டு ஆள் வேண்டும். காந்தத்துக்குத் தனியாக ஒரு மின்பெட்டி செய்து நல்லையா இணைத்தான். இம்முறை சத்தம் வந்தது, வீடு அதிர வந்தது. ஆனால் யாரும் பேசுவதற்கு முன்பே இரைச்சல் பேசியது. மழை கொட்டுகிற தகரக் கூரையின் கீழே நின்று பேசுவது மாதிரி இருந்தது. குமிழைத் தொட்டால் பெட்டிக்குள்ளிருந்த காகிதக் கூம்பு கிழிகிற மாதிரி உதறியது.

"இதுக்குப் பலம் தேவையில்ல தங்கச்சி, பதம்தான் தேவை," என்றான் நல்லையா. "ஒரு துளி சக்திய ஊத்துனா ஒரு குடம் சத்தம் குடுக்கிற பெட்டி இது. அதனாலதான் ஆம்ப்ளிஃபையர்ல இருக்கிற சின்ன அழுக்கும் பெருசாக் கேக்குது. இதோட சேந்தாப்ல செஞ்ச அந்தப் பழைய ஆம்ப்ளிஃபையர் வந்தாத்தான் இது பேசும்."

"அது நடராஜன்கிட்டல்ல இருக்கு?"

"ஆமா. அருமை தெரியாம அந்தத் தகரக் குழாயில மாட்டி வச்சிருக்கான். ஒரு வகையில அதுவும் அவனுக்கு நல்லதுதான். அந்தக் குழாய்க்குள்ள முடி மாதிரி ஒரு கம்பிச் சுருள்தான் இருக்கு. சின்ன ஆம்ப்ளிஃபையரா இருக்கிறதால பொழச்சிக் கெடக்குது. பெருசா எதையாச்சும் மாட்டினான்னா பொசுங்கிப் போயிரும்."

பூங்காவனம் கையிலிருந்த கோப்பிக் குவளையைக் கீழே வைத்தாள். கடைசியாக அவன் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். நல்லையா சொன்னான்.

ஐம்பத்து ஏழு பிறந்தது. சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பரபரத்தது. காஜா பெராங் தமிழர்கள் திடலில் பெரிய விழா எடுக்கக் கமிட்டி போட்டார்கள். தலைவர் சேதுராமன். கமிட்டிக்காரர்கள் பூங்காவனத்தின் கடையில்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். நடராஜனும் அங்கே இருந்த ஒரு சாயங்காலம், அவள் தோசைக்கல்லைத் துடைத்தபடியே சேதுராமனைக் கேட்டாள்.

"ஏங்க, சிங்கப்பூர்ல இருந்தெல்லாம் ஆளு வர்றாங்களாமே. அவ்வளவு பெரிய திடலுக்கு இந்தக் கொட்டகைக்காரன் கழிச்சுப் போட்ட பழைய ஆம்ப்ளிஃபையர் பெட்டி போதுமா?"

நடராஜனுக்குச் சுருக்கென்றது. "என்னா பூங்காவனம், மைக் சமாச்சாரம்லாம் ஒனக்கு எப்ப தெரிஞ்சுச்சு?"

"எனக்கு என்னா தெரியும்? ஜனங்க சொன்னாங்க, சொன்னேன்."

மறுவாரமே அவன் ஷரீஃபுதீன் கடையில் நின்றான். இருப்பதிலேயே பெரியது வேண்டும் என்றான். பூங்காவனம் திருப்பிக் கொடுத்த ராணுவ ஆம்ப்ளிஃபையர் அங்கே தயாராக இருந்தது. பழையதை மாற்றாகக் கொடுத்துவிட்டு அதை வாங்கிப் போனான். அவன் வந்தால் அதை விற்று, பழையதை வாங்கிவைக்கும்படி பூங்காவனம் முன்பே சொல்லியிருந்தாள். அப்போதே ஷரீஃபுதீன் அவளைக் கேட்டிருந்தார்.

"அவன் குழாய் இதத் தாங்காதும்மா. நான் ஒரு வார்த்த சொல்லிரவா?"

"கேட்டா சொல்லுங்க பாய். கேக்காட்டி சொல்லாதீங்க."

நடராஜன் கேட்கவில்லை. தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கும் என்று நினைக்கிற ஆள் இல்லை அவன். ஷரீஃபுதீன் பிறகு பலநாள் அதை நினைத்துச் சங்கடப்பட்டார். பூங்காவனம் படவில்லை. பழைய ஆம்ப்ளிஃபையர் கொட்டாய்க்கு வந்த அன்று நல்லையா அதைப் பெட்டிகளோடு சேர்த்தான். உள்ளேயிருந்த கண்ணாடி வால்வுகளில் மெல்ல வெளிச்சம் ஏறியது. இரைச்சல் இல்லை. ஒன்றுமே இல்லை என்று அவள் நினைத்த நேரத்தில், ரேடியோவில் செய்தி வாசித்தவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசினார். பூங்காவனம் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

விழா நாள். மழை விட்டு வெயில் அடித்த சாயங்காலம். திடல் கொள்ளாத கூட்டம். தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக வந்திருந்தார்கள். நடராஜன் புது வேட்டி கட்டி, ராணுவப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைத் தட்டிக் காட்டினான். திடலின் ஓரத்தில், மரத்தடியில் ஒரு லோரி நின்றிருந்தது. அதன்மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. முன்னிருக்கையில் நல்லையாவும் பூங்காவனமும் இருந்தார்கள்.

சேதுராமன் பேச எழுந்தார். "பெரியோர்களே" என்றது குழாய் வழியே இடி மாதிரி இறங்கியது. பெண்கள் காதைப் பொத்தினார்கள், குழந்தைகள் அலறின. கூட்டம் மிரண்டதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட நடராஜன் குமிழை இன்னும் ஏற்றினான். ஒரு குழாய் ஊளையிட்டு நின்றது. அதை ஈடுகட்ட மறுபடி ஏற்றினான். அடுத்ததும் போனது. அதற்கடுத்ததும் போனது. மேடையில் சேதுராமன் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினார். முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு திடலே சிரித்தது. நடராஜன் குனிந்து ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினான். வேட்டியெல்லாம் சேறு.

அந்தச் சிரிப்பைப் பூங்காவனம் லோரியில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள். அவசரப்படவில்லை. சேதுராமன் தேடிக்கொண்டு வருகிறவரை கதவைத் திறக்கவில்லை.

"பூங்காவனம்மா, ஒங்ககிட்ட ஏதோ செட் இருக்காமே. மானம் போவுதும்மா."

"தர்றேங்க. வாடகை வேணாம். பெட்டி ரொம்ப கனம், எங்களுக்குத் தூக்க ஆளு இல்ல. நடராஜனத் தூக்கச் சொல்லுங்க."

"வேற ஆளுங்க நெறைய இருக்காங்களேம்மா?"

"நடராஜன் தூக்கணும்."

அத்தனை பேர் பார்க்க, நடராஜன் லோரிக்கு வந்தான். தான் எட்டி உதைத்த பெட்டிகளை அவன் அடையாளம் கண்டுகொண்டது அவன் முகத்தில் தெரிந்தது. நல்லையா ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தோளில் ஏற்றி, சேற்றில் வழுக்கி, மேடை வரைக்கும் இரண்டு நடை நடந்தான். இரண்டு நடையும் பூங்காவனம் கூடவே நடந்தாள். "பாத்து, பாத்து, அடிபட்றப் போவுது," என்று பெட்டிக்காகச் சொன்னாள். பிறகு சேதுராமன் பேசினார். கடைசி வரிசையில் நின்ற கிழவர்கள் காதில் கைவைக்காமல் கேட்டார்கள்.

எல்லோரும் பாட்டு நிகழ்ச்சியில் லயித்திருந்தபோது அவன் லோரிப் பக்கம் வந்தான்.

"குழாய் பொசுங்கும்னு ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பூங்காவனம். எம்பொழப்பே போச்சு."

"ஒரு விசையத் தட்டியிருக்கலாமே நடராஜா. என் தங்கச்சி பொழப்பும் போனிச்சு."

அவன் சேறு படிந்த வேட்டியை மடித்துக் கட்டினான். பிறகு திரும்பிப் போய்விட்டான்.

அடுத்த விடுமுறைக்குப் பூங்காவனம் பஸ் ஏறிக் கோலாலம்பூருக்குப் போய்த் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அஞ்சலை கண் கலங்குவாள், போதும் விடுக்கா என்பாள் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டு போனாள். அஞ்சலை அரிசி களைந்த கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சேத்துலயா தூக்கினான்? வழுக்கினானா? மூஞ்சி எப்படிக்கா இருந்திச்சு?"

பூங்காவனம் நடந்து காட்டினாள். அக்காவும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான்கு வருஷமாக இரண்டு பேரும் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்து முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "மொதல்லேருந்து சொல்லுக்கா," என்றாள் அஞ்சலை.

அந்த வருஷமே ஊர்க் கல்யாணங்கள் பூங்காவனத்தின் கைக்கு வந்தன. நல்லையா செட்டைப் பார்த்துக்கொண்டான், அவள் கடையையும் பேச்சுவார்த்தையையும் பார்த்துக்கொண்டாள். பெண் இருக்கும் அறைக்குள் அவள் ஒருநாளும் மைக் வைக்கவிடவில்லை. யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் முறைப்பாள். நடராஜன் கொஞ்சநாள் இரவல் குழாய்களோடு அலைந்து பார்த்து, பிறகு ஒரு லோரியில் கிளீனராகப் போனான். குடியும் குறைந்தது என்று சொன்னார்கள். அதைக் கேட்டும் அவள் மனம் இளகவில்லை.

பல வருஷம் கழித்து நடராஜனின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவன் வரவில்லை. அவன் மனைவி சீதா வெற்றிலைத் தட்டோடு வந்தாள். பழசை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், செட்டை அனுப்பி வைக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பூங்காவனம் அவளுக்குக் கோப்பி கொடுத்தாள், பெண்ணை விசாரித்தாள், வெற்றிலையும் எடுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கி எங்களுக்கு வேற எடத்துல வேல இருக்கு சீதா," என்றாள்.

கல்யாணத்தன்று அவர்களுக்கு எங்கும் வேலை இல்லை. பூங்காவனம் கடையைச் சாத்திவிட்டு மத்தியானம் முழுக்க நன்றாகத் தூங்கினாள்.