குண்டின் மேல் படுத்த மேகம்

செண்பகவல்லித் தாயி மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அடுத்தவரைத் தலைக்கு மேல் இரும்பைத் தூக்கச் சொல்லிவிட்டு, அது நம் காலில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் ஜிம் மாஸ்டர் வேலை. கோவில்பட்டியில் ஒரு மொட்டை மாடி ஜிம்மில் இந்த வயதிலும் அதைத்தான் செய்கிறேன். உங்களில் யாராவது கெட்டில்பெல் சொல்லிக்கொடுத்துப் பாடுபட்டிருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

அண்ணாந்து பார்த்த வினை

கெட்டில்பெல் என்றால் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. அதை ஒரு கையால் தலைக்கு மேல் நிறுத்தி, முழங்கை மடங்காமல், இடுப்பைப் பக்கவாட்டில் தள்ளிக் குனிந்து, மறு கையால் காலைத் தொட வேண்டும். கயத்தாறு ரோட்டுக் காற்றாலை மாதிரி இருப்பதால் எங்களுக்கு அது ‘காத்தாடி’. கண் மட்டும் குண்டை விட்டு அகலவே கூடாது.

கரிசல்காட்டில் அதுதான் நடக்காத காரியம். மேலே பார் என்றால் இங்கே எல்லோரும் மழை வருதா என்றுதான் பார்ப்பார்கள். இடைசெவல் பக்கம் ஆடு வளர்க்கும் குருசாமி, தொரட்டிக் கம்பால் மரத்துத் தழையை இழுத்து இழுத்துத் தோள் பிடித்துப்போய் வந்தவர். போதாததற்கு, மழையை நம்பிப் புழுதியில் உளுந்து விதைத்திருந்தார். இன்னும் கொஞ்சம் காய்ந்தால் விதை எறும்புக்கு. குண்டைத் தூக்குவார், கண் அதைத் தாண்டிக் கிழக்கே போய்விடும், முழங்கை மடங்கும், ஆள் ஆடுவார். “குண்டைப் பாரும்யா!” என்று கத்தினேன்.

“குண்டு எங்க போயிரப் போவுது மாஸ்டர்? மேகம்லா போயிரும்!”

வெயில் கட்சி

தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டிக் கம்பெனி, நடத்தும் தங்கவேல் அண்ணாச்சி தொப்பை குறைக்க வந்தவர். அவரும் குண்டைத் தாண்டித்தான் பார்ப்பார், மேகம் வந்துவிடக் கூடாதே என்று. கைக்குட்டை அளவு மேகம் தெரிந்தாலும் குண்டைத் தொப்பென்று போட்டுவிட்டுப் போனை எடுப்பார்: “ஏட்டி, காயுத பெட்டியை உள்ள அள்ளுங்க!” அவர் போட்ட பள்ளம் ஒன்றில் இப்போது புறா குடும்பம் நடத்துகிறது. ஒருநாள் என்னிடமே சண்டைக்கு வந்தார்.

“ஒரே மாடியில மழை கேக்கவனையும் வெயில் கேக்கவனையும் நிப்பாட்டினா, வானம் யாரு பேச்சைக் கேக்கும்வே?”

இறக்குவதில்தான் இருக்கு

குருசாமியின் கண்ணைக் குண்டிலேயே கட்டிப்போட ஒரு கதை அளந்துவிட்டேன்: “மேகம் கூச்சப்படும்யா. அதைப் பாத்தா ஓடிரும், குண்டைப் பாத்தா நிக்கும்.” மனுசன் நம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் பாதம் முழுக்கத் தரையில் பதித்து, மணிக்கட்டு வளையாமல் தூக்கி நிறுத்தினார். கண் குண்டிலேயே. காற்று நின்றது. தூரத்துக் காற்றாலைகள் ஒவ்வொன்றாகத் தூங்கின. பஸ் ஸ்டாண்டு இரைச்சல் பஞ்சுக்குள் அமுங்கியது. கிழக்கிலிருந்து ஒரு மேகம் ஆட்டுக்குட்டி நடையில் வந்து, குண்டின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. “கனமே தெரியல மாஸ்டர்,” என்றார் குருசாமி, தூக்கத்தில் பேசுகிறவர் போல.

“கையை எறக்கிரும்வே, பெட்டியெல்லாம் வெளிய கெடக்கு!” அண்ணாச்சி அழாத குறை. எனக்கும் பயம்தான். இறக்கும்போது படக்கென்று விட்டால் தோளும் போகும், மேகமும் போகும், உளுந்தும் போகும். “மூச்சை மெதுவா விட்டுக்கிட்டே எறக்கும்யா,” என்றேன். குண்டு தோளுக்கு இறங்க இறங்க மேகமும் கூடவே இறங்கியது. குருசாமி குண்டை அணைத்தபடியே படியிறங்கிப் பஸ் ஏறினார். மேகம் பஸ்ஸுக்கு மேலேயே போனது. அண்ணாச்சி பெட்டியில் ஒரு பொட்டு விழவில்லை. மறுநாள் குருசாமி குண்டைக் கொண்டுவந்து வைத்தார், அடியில் ஈரக் கரிசல் அப்பியிருந்தது. தோள் எப்படி என்று கேட்டேன்.

“தோளு கெடக்கட்டும் மாஸ்டர். கீழக்காடு நனைஞ்சிட்டு, மேலக்காடு அப்படியே கெடக்கு. எடது கைக்கும் சொல்லித் தாங்க.”

இப்போது எங்கள் மாடியில் தோள் வலிக்காரர்களைவிட உளுந்து விதைத்தவர்கள் கூட்டம்தான் அதிகம் என்பதால், அண்ணாச்சி வந்து கேட்டால், மேகத்துக்குக் கூச்சம் உண்டு என்று சொன்னது நான்தான் என்பதை மட்டும் சொல்லிப்போடாதீர்கள்.