மரியாதைக்கு இருபத்திரண்டு விநாடி

சான்றிதழ்களில் விழுந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தரும் அந்த அலுவலகத்தில், ஜன்னலோரத்திலிருந்து இரண்டாவது மேசைக்காரருக்குக் கேள்விக்குறி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அல்ல, முதுகையே பார்த்து வைத்த பெயர். இடப்பக்கம் பழைய சான்றிதழ், வலப்பக்கம் புதியது, நடுவில் குனிந்த தலை என்று பத்தொன்பது வருடம் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் யார் முதுகாக இருந்தாலும் அப்படித்தான் வளையும். ஆள் பரம சாது. அந்தப் பெயரைக் கேட்டால் அவரே சிரிப்பார். சிரித்தால் இடுப்பில் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதையும் அளவோடுதான் செய்வார்.

வீட்டில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பெண், வயது இரண்டரை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து, இரண்டு கையையும் உயர்த்தி, "தூக்குப்பா" என்பாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். மனைவி வந்து குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைப்பாள். மடியில் வைப்பது வேறு, தூக்குவது வேறு என்பது இரண்டரை வயதுக்கும் தெரிந்திருந்தது.

இந்த நிலையில்தான் மேசைகள் வந்தன. ஊழியர்களுக்குக் கழுத்துவலியும் இடுப்புவலியும் பெருகிவிட்டதாகத் தலைமை அலுவலகத்துக்கு யாரோ எழுதிப்போட, அங்கிருந்து முப்பத்து நான்கு மேசைகளை அனுப்பிவைத்தார்கள். மேல் அம்பை அமுக்கினால் உயரும், நின்று வேலை பார்க்கலாம். கீழ் அம்பை அமுக்கினால் இறங்கும், உட்கார்ந்து பார்க்கலாம். முதல் இரண்டு நாள் ஒருவரும் வேலை பார்க்கவில்லை. தபால் பிரிவு அக்கா தன் மேசையை உச்சிக்கு ஏற்றிவிட்டு, அதன் அடியில் புகுந்து பார்த்துத் தலையில் இடித்துக்கொண்டாள். கேள்விக்குறி மட்டும் தனக்கேற்ற உயரம் நூற்றெட்டு சென்டிமீட்டர் என்று கண்டுபிடித்து, ஒரு மணி நேரம் நிற்பது, அரை மணி நேரம் உட்காருவது என்று விரதம் போலக் கடைப்பிடித்தார். ஆறாவது வாரம் ஒரு மாலை, செருப்பைக்கூடக் கழற்றாமல், பெண்ணைத் தரையிலிருந்து தோள் வரைக்கும் தூக்கிவிட்டார். மனைவி கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் மேலாளர் வேட்டு வைத்தார்.

மேலாளர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் மனதுக்குள் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அதே கூடத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்து, ஏழு மேலாளர்கள் உள்ளே நுழையும்போதெல்லாம் எழுந்து எழுந்து நின்றவர் அவர். எட்டாவது மேலாளர் அவரே. அவர் நுழைந்ததும் முப்பத்து நான்கு நாற்காலிகள் தரையில் கிறீச்சிடும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதை ஐந்து மாதம்தான் அனுபவித்தார். மேசைகள் வந்த பிறகு அவர் நுழையும்போது பாதிப்பேர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். நிற்கிறவர் எப்படி எழுந்து நிற்பது? ஒருநாள் அவர் வெளியே போய் மறுபடி உள்ளே வந்தும் பார்த்தார். ஒரு வித்தியாசமும் இல்லை. அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆறு வாரம் பொறுத்தார். பிறகு சுற்றறிக்கை வந்தது. மேலதிகாரிகள் கூடத்துக்குள் நுழையும்போது ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவர்கள் முதலில் மேசையை இறக்கி, நாற்காலியில் அமர்ந்து, அதன்பின் முறைப்படி எழ வேண்டும். தவறுகிறவர்களின் மேசை பறிக்கப்பட்டு, கிட்டங்கியிலிருக்கும் பழைய மேசை தரப்படும்.

மேசை முழுதாக இறங்க இருபத்திரண்டு விநாடி ஆகும். அதுவரை மேலாளர் வாசலில் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய அறை கூடத்துக்கு ஒரு பக்கம், கழிப்பறை மறுபக்கம். அவருக்கோ சர்க்கரை. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை போவார், ஒன்பது தடவை வருவார். போகும்போது அந்த இருபத்திரண்டு விநாடி அவருக்கு ஒரு யுகம். காலைப் பின்னிக்கொண்டு, நெற்றி வியர்க்க, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். ஆனாலும் கடைசி ஆள் எழுந்த பிறகுதான் அடியெடுத்து வைப்பார். மரியாதை என்று வந்துவிட்டால் விட்டுக்கொடுக்க மாட்டார்.

தினமும் பதினெட்டுத் தடவை உட்கார்ந்து எழுந்ததில் கேள்விக்குறியின் முதுகு இரண்டே வாரத்தில் பழைய கோலத்துக்குத் திரும்பியது. மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, பெண் கையை உயர்த்தினாள். அவர் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். குழந்தை கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு போய் அம்மாவிடம் கையை உயர்த்தினாள். அன்று முழுக்க அவரிடம் மறுபடி கேட்கவே இல்லை. அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கேட்பதையே விட்டுவிட்டாளே என்பதுதான் அவர் நெஞ்சை அறுத்தது.

திங்கட்கிழமை காலை, இனி யாருக்காகவும் மேசையை இறக்குவதில்லை என்று தபால் அக்காவிடம் சொன்னார். அவள் பதறிப்போனாள். "பேசாம உக்காந்து எந்திரிங்க. மேசைய புடுங்கிட்டா அப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்றாள். அவருக்கும் பயம்தான். ஆனால் இறக்கி ஏற்றி என்ன மிச்சம்?

அன்றைக்கென்று பார்த்துத் தலைமை அலுவலகத்து அம்மா வந்தார். மேசைகளால் வலி குறைந்திருக்கிறதா என்று நேரில் பார்ப்பது அவர் வேலை. குறையவில்லை என்றால் மேசைகள் வேறு அலுவலகத்துக்குப் போய்விடும். மேசையின் பயன் தெரியட்டும் என்று பத்து மணியிலிருந்தே எல்லாரையும் நிற்கச் சொல்லியிருந்தார் மேலாளர். வருகிற அம்மாவும் மேலதிகாரிதான், தான் போட்ட சுற்றறிக்கை அவருக்கும் செல்லும் என்பது மேலாளருக்குத் தோன்றவே இல்லை.

அந்த அம்மா உள்ளே காலை வைத்தார். மூன்று வாரப் பழக்கம், முப்பத்து மூன்று விரல்கள் ஒரே நேரத்தில் கீழ் அம்பை அமுக்கின. அத்தனை மேசைகளும் சேர்ந்தாற்போல் ஒருநாளும் இறங்கியதில்லை. பாதி வழியில் டப் என்றொரு சத்தம். ஃபியூஸ் போயிற்று, விசிறிகள் நின்றன, மேசைகளும் அந்தரத்தில் நின்றன. மேசை முழுதாக இறங்காமல் உட்காரலாமா கூடாதா என்று சுற்றறிக்கையில் சொல்லவில்லை. ஆகவே முழங்காலை மடக்கி, நாற்காலிக்கு ஒரு சாண் மேலே பின்பக்கத்தை நிறுத்தி, முப்பத்து மூன்று பேரும் மேலாளரைப் பார்த்தார்கள். மேலாளருக்கும் ஒன்றும் ஓடவில்லை. தன்னைவிடப் பெரிய அதிகாரி முன்னால் நிமிர்ந்து நிற்பது மரியாதை இல்லையே என்று அவரும் பாதி மடங்கினார்.

வந்த அம்மா கூடத்தைச் சுற்றிலும் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்திலிருந்த தபால் அக்காவிடம் ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டார். கால் நடுங்கிக்கொண்டிருந்த அக்கா, ஆமாம் என்று உள்ளதைச் சொன்னாள். அடுத்த நான்கு பேரும் அதையே சொன்னார்கள். எல்லாவற்றையும் அவர் எழுதிக்கொண்டார். கடைசியில், கூடத்தில் முழங்காலை மடக்காமல் நின்ற ஒரே ஆளான கேள்விக்குறியிடம் வந்து, உங்களுக்கு மட்டும் எப்படி வலி இல்லை என்று கேட்டார்.

கேள்விக்குறி மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மேலாளர் மானம் போகும். வாயை மூடிக்கொண்டால் மேசை போகும். மேலாளர் பாதி மடங்கிய நிலையிலேயே அவரைப் பார்த்தார், கெஞ்சும் பார்வை. கேள்விக்குறிக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் தன்னைச் சுற்றிக்கொண்டு போன அந்தச் சின்னக் கால்கள் கண்முன் வந்தன.

"இது வலி இல்ல மேடம்," என்றார். "மரியாதை."

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாரையும் மறுபடி ஒருமுறை பார்த்தார். "எத்தனை நாளா இருக்கு?"

"மூணு வாரமா மேடம். மேசை மேல ஒரு குத்தமும் இல்ல. இந்த மேசையாலதான் நான் என் பொண்ண முதமுதலா தூக்கினேன். இப்ப மரியாதையால முடியாமப் போச்சு."

அந்த அம்மா திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. எழுதியதை அடித்தார். எல்லாரையும் நிற்கவோ உட்காரவோ, எது தோதோ அதைச் செய்யச் சொன்னார். மேலாளரிடம் சுற்றறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். மேசைகள் தங்கின, சுற்றறிக்கை போயிற்று.

மேலாளர் நான்கு நாள் யாரிடமும் பேசவில்லை. ஐந்தாம் நாள் கூடத்தை அவசரமாகக் கடந்தபோது கேள்விக்குறி தன் அரை மணி நேர இருக்கையில் இருந்தார். அவரைக் கண்டதும் எழுந்துவிட்டார். பழக்கமா பாசமா என்று அவருக்கே தெரியவில்லை. "உக்காருங்க, உக்காருங்க, நேரமில்ல," என்று மேலாளர் ஓடினார். திரும்பி வரும்போது மெதுவாக வந்தார். கேள்விக்குறியின் மேசையருகே நின்று, பொண்ணைத் தூக்கியாச்சா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றதும் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

முதுகு ஒருவழியாக வழிக்கு வர மேலும் ஐந்து வாரம் ஆயிற்று. அன்று மாலை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டும் பெண் ஓடி வரவில்லை. தரையில் உட்கார்ந்து டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரே போய், அவள் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் நீட்டினார்.

"அப்பா தூக்கட்டுமா?"

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். அவருடைய முதுகைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பெரிய அதிகாரி மாதிரி யோசித்தாள். இருபத்திரண்டு விநாடியாவது ஆகியிருக்கும். அவர் நீட்டிய கையை மடக்காமல் காத்திருந்தார். பிறகு அவள் இரண்டு கையையும் உயர்த்தினாள்.