இடது காலுக்குக் கீழே ஒருவர்

சைக்கிள் செயின் கழுவ யாராவது கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினால் போதும், என் இடது கால் தானாக விறைத்துக்கொள்ளும். அந்த மணத்துக்கும் அந்தக் காலுக்கும் இடையில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கொடிகாமம் சந்தைக்கு முன்னால், ஒரு முற்பகலில். போரும் பொருளாதாரத் தடையும் சூழ்ந்த காலம். பெட்ரோலை மருந்துபோலத் துளித்துளியாகப் பாவித்தோம். என் பழைய வான் வண்டியும் ஊரிலிருந்த மற்ற வான்களைப்போல மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கிளப்புவதற்கு மட்டும் நாலு துளி பெட்ரோல் விடவேண்டும். பிறகு மண்ணெண்ணெய் குடித்து, புகை கக்கி, இருமி இருமி நகரும்.

அன்று வானோடு சேர்ந்து என் மனைவியும் இருமிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முட்டு வருத்தம். விடிந்ததிலிருந்து மூச்சு இழுத்தது. சாவகச்சேரி ஆசுப்பத்திரிக்குப் புறப்பட்டோம். கொடிகாமத்தில் தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சுடுதண்ணீர் கேட்டாள். தேநீர்க்கடை ஓரமாக வானை வளைத்து, சில்லை மண்மேட்டில் முட்டவிட்டு நிறுத்தினேன்.

எஞ்சினை ஓடவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் எவனாவது ஏறிக் கொண்டுபோய்விட்டால்? நிறுத்தினேன், திறப்பை உருவிக்கொண்டுதான் இறங்கினேன். அந்த நாளில் நான் அப்படித்தான். வான் திறப்போடு ஒரு பெரிய சாவிக் கோர்வை தொங்கும். எங்கள் வீடு, அலுமாரி, கிணற்றடி மோட்டர் அறை, சைக்கிள். கொழும்புக்கும் கனடாவுக்கும் போன சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப்போன மூன்று வீடுகளின் திறப்புகளும் அதிலேயே. ஒன்றையும் ஒருவரிடமும் கொடுக்கமாட்டேன். தூங்கும்போதும் தலையணைக்குக் கீழே அது கிடக்கும்.

சுடுதண்ணீரோடு திரும்பி வந்து திறப்பைப் போட்டேன். திரும்பவில்லை. ஸ்டியரிங்கும் அசையவில்லை. பலத்தைக் கொடுத்தால் திறப்பு முறிந்துவிடும். பின்னால் அவளுடைய நெஞ்சு விசிலடித்தது.

அப்போதுதான் அவர் வந்தார். வெள்ளைச் சேட்டு, சாரம், சைக்கிள். நகங்களில் மட்டும் கறுப்பு எண்ணெய். வானைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டயரைப் பார்த்தார். உள்ளே குனிந்து பெட்ரோல் போத்தலைப் பார்த்தார். ஒருவர் வானை இவ்வளவு ஆசையாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணை, திறப்புத் திரும்பேல்லையோ? தாங்கோ பாப்பம்."

"நீங்கள் ஆர்?"

"நான் ஆரெண்டு சொன்னால் பூட்டுத் திறந்திடுமோ?" என்றார், சிரிக்காமல்.

நான் கோர்வையைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். பின்னாலிருந்து என் மனைவி ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வைத்துச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ... குடுங்கோ... நான் செத்தாப் பிறகு... வீடுகளைப் பூட்டலாம்."

கொடுத்தேன். எப்படிக் கொடுத்தேன் தெரியுமா? வளையத்தை நகத்தால் நெம்பி, வான் திறப்பை மட்டும் தனியே கழற்றிக் கொடுத்தேன். அவள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, அதற்கு ஒரு நிமிடம் செலவழித்தேன்.

அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கமாக அழுத்தி, மறு கையால் திறப்பை மயிரிழை அளவு வெளியே இழுத்துத் திருப்பினார். திரும்பியது. கள்ளன்தான் என்று முடிவு கட்டினேன்.

"கழட்டித் தந்தது நல்லதாப் போச்சு. உந்தப் பாரம் தொங்கித் தொங்கித்தான் பூட்டுத் தேஞ்சிருக்கு. ஒரு ஊரின்ரை திறப்பையெல்லோ கொண்டு திரியிறியள்!"

சந்தேகம் என் பூட்டையே தின்றிருக்கிறது. அதை உணர அப்போது நேரமில்லை. போத்தலில் மிச்சமிருந்த பெட்ரோல் முழுவதையும் விட்டுக் கிளப்பினோம். இனி எஞ்சின் நின்றால் நின்றதுதான், கிளப்ப ஒரு துளியும் இல்லை. ரிவர்ஸ் போட்டு வானைத் தெருவுக்கு எடுத்தேன். பிறகு முதல் கியருக்கு மாற்ற, ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கியர்த் தடியைத் தூக்கினேன். வரவில்லை. ரிவர்ஸிலேயே சிக்கிவிட்டது. கிளச்சை மிதித்தபடி உறைந்து இருந்தேன். காலை எடுத்தால் வான் பின்னால் பாயும். எஞ்சினை நிறுத்தினால் ஆசுப்பத்திரி இல்லை.

அவர் ஓடி வந்தார். "கீழை ரெண்டு கம்பி ஒண்டோடொண்டு கொழுவிக்கொண்டு நிக்கும். சுகமான வேலை. நீங்கள் இறங்கித் தட்டிவிடுங்கோ, நான் ஏறிக் கிளச்சைப் பிடிக்கிறன்."

ஓடும் எஞ்சின், உள்ளே என் மனைவி, ஸ்டியரிங்கில் அந்நியர், தெருவில் நான். அவருடைய திட்டம் எனக்கு முழுதாக விளங்கிவிட்டதுபோல இருந்தது.

"இல்லை. நான் இறங்கமாட்டன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவமானப்பட்டவரின் பார்வை அல்ல அது, கணக்கை விளங்கிக்கொண்டவரின் பார்வை. பிறகு வெள்ளைச் சேட்டைக் கழற்றிச் சைக்கிளில் போட்டார். பாதிச் செங்கல் ஒன்றைப் பின்சில்லுக்கு அண்டை கொடுத்தார். பாயப்போகும் வானை அது நிறுத்தும் என்று சின்னப்பிள்ளைகூட நம்பாது. முன்சில்லுக்குப் பின்னால் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார்.

"கிளச்சை மட்டும் விட்டிடாதையுங்கோ அண்ணை."

ஹேண்ட்பிரேக் எப்போதோ செத்துவிட்டது. பிரேக்கை மிதிக்கலாம் என்றால், வலது காலால் எஞ்சினுக்கு ஓயாமல் உறுமல் கொடுக்கவேண்டும், மண்ணெண்ணெயில் ஓடுவது அப்படித்தான். ஆக, அந்த மனிதரின் நெஞ்சுக்கும் சில்லுக்கும் நடுவில் இருந்தது என் இடது கால் மட்டும். தேய்ந்த செருப்பு. வியர்வை. கால் நடுங்கத் தொடங்கியது. கீழே இரும்பில் இரும்பு தட்டும் ஒலி. பின்னால் விசில். நான் யார், எப்படிப்பட்டவன், என் கால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு திறப்பைக்கூடக் கொடுக்க மனமில்லாத எனக்குத் தன் உடம்பைக் கொடுத்துவிட்டுக் கீழே வேலை செய்துகொண்டிருந்தார்.

"தடியை மெல்ல இழுங்கோ!"

இழுத்தேன். கியர் நடுவில், நியூட்ரலில், வந்து விழுந்தது. அவர் எப்போது வெளியே வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. சன்னலில் முகம் தெரிந்தது, கன்னமெல்லாம் எண்ணெய்.

"முதல் கியரைத் தேடாதையுங்கோ, ரெண்டிலையே எடுங்கோ. ஆசுப்பத்திரி போய்ச் சேருமட்டும் ரிவர்ஸ் பக்கம் போகவே வேண்டாம்."

தலையாட்டினேன். கால் இன்னும் கிளச்சின் மேல் கல்லாக இருந்தது.

அன்று பின்னேரத்துக்குள் என் மனைவிக்கு மூச்சு சீரானது. பிறகு எத்தனையோ தரம் கொடிகாமம் போனேன், அவரைக் காணவில்லை. நம்பிக்கை என்றால் மனதில் இருப்பது என்று நினைத்திருந்தேன். எனக்கோ அது இடது காலில் இருக்கிறது, ஒருவர் கேளாமலே வைத்துவிட்டுப்போன பாரமாக. மனிதர்மேல் சந்தேகம் தலைதூக்கும்போதெல்லாம், வான் கதவைத் தட்டிவிட்டு அவர் கடைசியாகச் சொன்னதுதான் காதில் கேட்கிறது:

"நான் வெளியில வந்திட்டன் அண்ணை. இனிப் பயப்பிடாமல் காலை எடுங்கோ."