தபால்காரர் போகாத ஆற்றுத்துறை

தபால்காரருக்கு வயிறு எரியத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், செய்தித்தாளின் ஏழாம் பக்கத்தில். அவருடைய தம்பி தலைக்கவசமும் சிரிப்புமாக, தடித்த டயர் போட்ட சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றான். 'நம் மலைகளின் சரளைப் பாதைகளைக் கண்டுபிடித்தவர்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கண்டுபிடித்தவராம்! இருபத்தாறு வருடமாக அந்த மேட்டிலும் பள்ளத்திலும் தபால் பையோடு மிதி மிதியென்று மிதித்த மனுஷன் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார். தம்பி வங்கியில் வேலை பார்ப்பவன். இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் மாற்றலாகி ஊருக்கு வந்தான். தொப்பையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் விரட்டியதால் சைக்கிள் வாங்கினான். வாங்கியவன் ஊரைச் சுற்றிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவான். மேஜையில் செல்போனை வைத்துக்கொண்டு, "அண்ணே, அந்தக் கல் குவாரிக்குப் பின்னாடி வழி இருக்கா?" என்பான். இவருக்கு அது போதும். "குவாரி தாண்டினா ஓயாம குரைக்கிற நாய் வீடு வரும். அடுத்த திருப்பத்துல இடது பக்கம் இறங்கு. சரளை வழுக்கும், முன் பிரேக்கைப் பிடிச்சிடாதே" என்று டீ ஆறும் வரை சொல்லுவார். தம்பி எல்லாவற்றையும் குறித்துக்கொள்வான். அப்படித்தான் ஆறு வழிகள் வரைபடமாகி வெளியே வந்தன. நாய் வீடு இருந்த இடத்தில் 'நான்கு புள்ளி இரண்டு கிலோமீட்டர்' என்று இருந்தது. அண்ணன் பேர் எங்கேயும் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துக்கூடப் பார்த்துவிட்டார்.

அதோடு போயிற்றா? வெளியூர்களிலிருந்து தம்பிக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. 'உங்கள் வழியில் போனோம், பிறவிப் பயன் அடைந்தோம்' என்கிற ரகம். கொண்டுபோய்க் கொடுப்பது யார்? சாட்சாத் அண்ணன்தான். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற அம்மாள் ஒவ்வொரு கட்டையும் நீட்டும்போது, "உங்க தம்பி எங்கியோ போயிட்டாரு சார்" என்பாள். "ஆமாமா, போயிட்டான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிப் பையில் திணிப்பார். ஒருநாள் தம்பியின் கடிதங்களை மட்டும் மழையில் நனையவிட்டார். வேண்டுமென்றுதான்.

"வயிறு எரியிற வாசனை அடுப்படி வரைக்கும் வருது" என்றாள் அவர் மனைவி.

"எனக்கென்ன எரிச்சல்? கூடப் பொறந்தவன் நல்லா இருந்தா சந்தோஷம்தானே" என்றார். மூஞ்சியைப் பார்த்த யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை தம்பி வந்தபோது மேற்கே மலை உச்சியில் மேகம் கருகருவென்று திரண்டிருந்தது.

"நாளைக்கு இருபது பேரைக் கூட்டிட்டுப் போறேண்ணே. ஏழாவது வழி. ஆத்துல பாறைத்துறை ஒண்ணு இருக்கில்ல, அதுல இறங்கி அக்கரைக்குப் போகலாமா? நீங்க அந்தப் பக்கம் போயிருக்கீங்களா?"

போயிருக்கிறாரா! அக்கரைத் தபால்காரர் கால் முறிந்து கிடந்த மூன்று வருடமும் அங்கே தபால் கொடுத்தவர் இவர்தான். தம்பி அப்போது வெளியூரில் இருந்தான், அவனுக்குத் தெரியாது. மலையில் ராத்திரி மழை பெய்தால் மறுநாள் காலை பத்து மணி வாக்கில்தான் அந்தத் துறைக்கு வெள்ளம் வரும். அதுவரைக்கும் கணுக்கால் தண்ணீர்தான், வானமும் பளிச்சென்று இருக்கும். நம்பி நடு ஆற்றில் கால் வைத்தவன் தொலைந்தான்.

இதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே ஏழாம் பக்கத்துச் சிரிப்பும் வந்தது.

"தெரியாதுடா. அந்தப் பக்கம் நான் போனதே இல்ல."

தம்பி ஒரு கணம் அண்ணனையே பார்த்தான். "அப்படியா?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

இருபது பேர் முன்னால் அசடு வழியத் திரும்பி வரட்டும், அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்தார். ராத்திரி முழுக்க மலை உச்சியில் மழை கொட்டியது. காலையில் மனைவி டீயை நங்கென்று வைத்தாள்.

"அந்தப் பக்கம் போனதே இல்லையா? மூணு வருஷம் சேறான கால்சட்டையைத் துவைச்சது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?"

"தண்ணியைப் பார்த்தா திரும்பிடுவான்."

"தண்ணி வர்றதுக்கு முந்தி இறங்கிட்டா?"

அவருக்குத் தெரியாத கேள்வியா? படுத்ததிலிருந்து அதைத்தானே மென்றுகொண்டிருந்தார். கடிகாரம் எட்டைத் தாண்டியிருந்தது. போன் போட்டுப் பார்த்தார். மலைக்குள் போனவன் எப்படி எடுப்பான்? டீயை அப்படியே வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

சரளைப் பாதையில் போனால் ஒன்பதரைக்குத்தான் துறையைப் பிடிக்க முடியும் என்பதால், ஆட்டு மந்தை இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் விட்டார். பாதி தூரம் சைக்கிள் அவரைச் சுமந்தது, மீதி தூரம் அவர் அதைச் சுமந்தார். ஒரு சரிவில் விழுந்து முழங்கை கிழிந்தது. 'பாவி, பாவி' என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார். தம்பியை அல்ல.

துறைக்கு வந்தபோது மணி ஒன்பதே கால். சைக்கிள்கள் எல்லாம் கரை மேட்டில் வரிசையாகச் சாய்ந்திருந்தன. ஆட்கள் பாறைகளில் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கால்கூட நனையவில்லை.

"இறங்கலையாடா?" என்றார், மூச்சு வாங்க.

"எப்படிண்ணே இறங்குவேன்?" தம்பி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "நான் சொன்னேனே, இவர்தான் எங்கண்ணன். நான் போட்ட ஆறு வழியும் இவர் சொன்னதுதான். பத்திரிகைக்காரன்கிட்டயும் சொன்னேன், போடாம விட்டுட்டான். இவருக்கே தெரியாத இடத்துல உங்களை இறக்க எனக்குத் தைரியம் இல்ல."

எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு பெண் எழுந்து வந்து கை குலுக்கினாள். ஒருவன் படம் எடுத்தான். இத்தனை நாளாக எதற்காக வெந்து செத்தாரோ அது அத்தனையும் மொத்தமாக வந்து சேர்ந்தது. தபால்காரருக்கு ஆற்றில் போய் விழலாம் போலிருந்தது.

"ஏழாவது வழிக்கு இவர் பேரையே வெச்சிடலாமா?" என்றான் படம் எடுத்தவன்.

"ஐயோ, வேண்டாம்! பேரெல்லாம் போடாதீங்க!"

"பார்த்தீங்களா, பேரே வேணாங்கறாரு" என்றான் தம்பி. மறுபடியும் கைதட்டல்.

பத்து மணி நெருங்கும்போது மேலே பாறைகளுக்கிடையே உறுமல் கேட்டது. செம்மண் நிறத்தில் வெள்ளம் புரண்டு வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே துறையை மூடியது. பிஸ்கெட் தின்றவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

திரும்பி மேடேறும்போது தம்பி அவர் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். மற்றவர்கள் கொஞ்சம் பின்னால் வந்தார்கள்.

"அண்ணே."

"ம்."

"போனதே இல்லாத இடத்துக்கு எந்த வழியா வந்தீங்க? எங்க பின்னாடி வரல. ஆட்டுப் பாதையில இறங்கினதைப் பார்த்தேன்."

தபால்காரர் நின்றார். பொய் ஒன்றிரண்டு தயாராகத்தான் இருந்தன. முழங்கையிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரை வந்திருந்தது.

"எனக்கு இந்தத் துறை நல்லாத் தெரியும்டா. வெள்ளம் பத்து மணிக்கு வரும்னும் தெரியும். பொறாமை. அதான் சொல்லல."

தம்பி முகம் வெளுத்துவிட்டது. பின்னால் வந்த இருபது பேரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அண்ணன் முழங்கையில் கட்டினான். கொஞ்சம் அழுத்தியே கட்டினான்.

"முன்னாடி போங்கண்ணே" என்றான். "இனிமே எப்பவும் நீங்க முன்னாடிதான் போகணும். உங்களைப் பின்னாடி விட எனக்குப் பயமா இருக்கு."