சாகாதவரை அனுப்பிவைத்த வெள்ளிக்கிழமை

“…அதெல்லாம் சரி நானா, ஆம்பிளைக்கு ஏது சொந்த வீடு? அந்தக் கோட்டை அவர்ர பொஞ்சாதிர எண்டு நீங்கதானே சொன்னீங்க” என்று தையல்கார அக்கா கேட்ட நேரம், நான் கோட்டையின் பதினேழாவது அறையில் நின்றுகொண்டிருந்தேன்.

நின்றேன் என்றால், வெட்டு மேசையில் தையல் சோக்கால் கீறிய ஒரு சதுரத்துக்குள் என்னுடைய கறுப்புப் பொத்தான் நின்றது. அந்தப் பொத்தான்தான் நான்.

நாங்கள் நாலு பேர். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நானா, முஸ்லிம் அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் ஆரையம்பதிக்கு வருவார். அக்காவின் தையலறையில் கூடுவோம். காலையில் பேக்கரிப் பாண் வித்து முடித்து, பின்னேரச் சுற்றுக்கு ஓட்டோவை எடுக்கும்வரை எனக்கு அது ஓய்வு நேரம். நாலாவது ஆள், வீடுகளுக்கு வயரிங் செய்யும் ஒரு தம்பி. நானா பதினொரு வருசம் கட்டாரில் இருந்தவர். அங்கே கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரரிடம் இந்த விளையாட்டைப் பழகி, ஊருக்குத் திரும்பும்போது தடித்த புத்தகம் ஒன்றும் ஒரு பை நிறையத் தாயக்கட்டைகளும் கொண்டு வந்தார். “மத்தவன் பொஞ்சாதிமார் கம்பளி கண்டாங்க, பால்மா கண்டாங்க. எனக்கு வந்தது பேய்க் கதை” என்று அவருடைய மனைவி சொன்னாவாம். அதை எங்களுக்குச் சொல்லிச் சிரித்தவரும் அவர்தான்.

விளையாட்டு இவ்வளவுதான். நானா கதை சொல்வார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கதைக்குள் இருக்கிற ஆட்கள். நான் கள்ளன், தம்பி வைத்தியன், அக்கா வாள்காரி. நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது பக்கக் கட்டை சொல்லும்; நானா கேட்கிற எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் நடக்கும்.

எங்கள் எதிரி ஒரு மந்திரவாதி. செத்து முப்பது வருசம், ஆனாலும் நடமாடுகிறவர். புத்தகத்தில் அவருக்கு வேறு பெயர் இருந்தது, எங்கள் நாக்குக்கு வளையவில்லை. ‘சாகாதவன்’ என்று நான் வைத்தேன். “செத்த மனிசரை அவன் இவன் எண்டு சொல்லாத” என்று அக்கா பேசினா. அன்றிலிருந்து அவர் ‘சாகாதவர்’. மரியாதையோடு இரண்டு தரம் கொன்றோம். இரண்டு தரமும் பதினோராம் நாள் எழும்பி வந்தார். தன் உயிரை ஒரு மண்முட்டிக்குள் அடைத்து எங்கோ வைத்திருக்கிறார், அது உடையும்வரை உடம்பு திரும்பத் திரும்ப முளைக்கும் என்றார் நானா.

இரண்டாம் தரம் எழும்பி வந்தபோது அவர் சும்மா வரவில்லை. அக்காவின் வாள்காரியுடைய உயிரைப் பிடுங்கி, அதே முட்டிக்குள் போட்டுக்கொண்டார். மூன்று வெள்ளிக்குள் முட்டியை உடைத்தால் அவள் திரும்புவாள், இல்லாவிட்டால் இல்லை. நான் சொல்லும் வெள்ளி மூன்றாவது.

“போனாப் போகட்டும் தங்கச்சி, புதுசா ஒரு ஆளை உண்டாக்குவம்” என்று நானா ஆறுதல் சொல்லிப் பார்த்தார்.

“ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறன் நானா. எனக்கெண்டு நான் தைச்சது இவ ஒருத்தியைத்தான். இவ போனா நான் மேசையில வேற துணி விரிப்பன், நீங்க எல்லாரும் வீட்ட போகலாம்.”

அவ சொன்னால் செய்வா. கலியாணத்துக்கு முதல் நாள் அளவு சரியில்லை என்று சொன்ன பொம்பிளை ஒருத்திக்கு, பிளவுசை அவ கண்முன்னாலேயே பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுத்த ஆள்.

அதனால் முட்டியைத் தேடிச் சாகாதவரின் கோட்டையைக் கிண்டு கிண்டென்று கிண்டினோம். கிணற்றுக்குள் இறங்கினோம். தம்பி தொழில் பழக்கத்தில் சுவரெல்லாம் தட்டிப் பார்த்தான். “சத்தம் வேற மாதிரி இருக்கா, நானா?” என்று அறைக்கு அறை கேட்டான். “இல்ல மனே, சுவர் சுவராத்தான் கிடக்கு” என்று ஒரே பதில். பதினாறு அறை வெறும் அறை.

பதினேழாவதில்தான் அக்கா அப்படிக் கேட்டா.

நான் தெருத்தெருவாகப் பாண் விக்கிறவன், படிப்பு எட்டோடு நின்றது. மிச்சத்தைச் சனங்களின் வாயிலிருந்து படித்தேன். செட்டிபாளையத்தில் பணிஸ் வாங்கும் ஒரு மாமி சொல்லுவா: “ஆம்பிளை ஒரு பெட்டியோட வாறான், இன்னொரு பெட்டியில போறான். நடுவில வாடகை இல்லாத குடியிருப்பு.” எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தமிழரிலும் அப்படி, நானாவின் சோனகச் சனத்திலும் அப்படி. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு போய்ப் புகுவான். அவனுடைய பழைய சாமான் எல்லாம் பிறந்த வீட்டில், அதாவது பிறகு தங்கச்சியின் வீடாகிவிட்ட வீட்டில் கிடக்கும். என்னுடைய பள்ளிக்கூடச் சைக்கிள் இன்றைக்கும் தங்கச்சி வீட்டுக் கோடியில் நிற்கிறது. இதெல்லாம் தெரிந்த நாங்கள், புத்தகம் வெளிநாடு, கோட்டை வெளிநாடு, அதனால் மனிசரும் வேறு என்று நினைத்துவிட்டோம்.

“அவருக்குக் கூடப்பிறந்த பொம்பிளை ஆரும் இருக்கா?” என்றா அக்கா.

நானா தாடியைத் தடவினார். “ஒரு தங்கச்சி. எண்பது வயசு. வயல் வட்டைக்குப் போற பாதையில வீடு.”

“முட்டி அங்கதான்.”

“நான் என்னத்தைச் சொல்ல? நீங்க ரெண்டாம் நாளே கண்டுபிடிப்பீங்க எண்டுதான் அங்க வச்சன். என்ர பட்டநூல் கட்டை இன்னும் என்ர தங்கச்சி வீட்டுப் பரணில கிடக்கு. நீங்க மூணு கிழமையாச் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறீங்க, பாவம்.”

தம்பி என்னைப் பார்த்தான். நான் என் பொத்தானைப் பார்த்தேன்.

கதையில் நாங்கள் அவளுடைய வாசலுக்குப் போனோம். தங்கச்சிக் கிழவியாக நானாவே பேசினார், குரலைச் சற்று மெலித்து. “அண்ணன்ர முட்டிதானே. பரணில கிடக்கு. வந்தாக் கேப்பார். நான் ஆருக்கும் எடுத்துக் குடுக்கமாட்டன்.”

கள்ளன் களவெடுக்கலாம். ஆனால் எண்பது வயதுக் கிழவியின் பரணில் ஏற எனக்கு மனம் வரவில்லை. தினமும் இருபது கிழவிகளோடு கதைக்கிறவன் நான். முட்டியைக் கேட்கவேயில்லை. அண்ணனுக்கு என்ன கறி பிடிக்கும் என்று கேட்டேன். கட்டையை உருட்டினேன், பதினாறு. கிழவி இறால் சொதியைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே முட்டியை இறக்கித் தந்தாள். அண்ணன் இப்போது என்னவாக அலைகிறார் என்று கேள்விப்பட்டிருந்தாளாம். “அவர் களைச்சிருப்பார்” என்றாள்.

உடைக்கப் பதினைந்து வேண்டும். தம்பி உருட்டினான், ஆறு. சுத்தியலின் பிடி கழன்று பறந்தது. நான் உருட்டினேன், பதினாலு. முட்டியில் ஒரு கீறல் மட்டும் விழுந்தது. ஆளுக்கு ஒரு அடிதான், அது நானா முதலே சொன்ன சட்டம்.

அக்கா இரண்டு கையையும் மேசையில் ஊன்றினா. “நானா, நான் அந்த முட்டிக்குள்ளதானே இருக்கிறன்?”

“ஓம்.”

“அப்ப உள்ளுக்க இருந்து நான் இடிக்கலாமே.”

நானா புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். பிறகு மூடி வைத்தார். “இதில அப்படி ஒண்டும் எழுதியில்ல. ஆனா உள்ளுக்க வாள் இல்ல, வெறுங்கை. பதினெட்டு வேணும். அடி பாப்பம், தங்கச்சி.”

அக்கா கட்டையை எடுத்துக் குலுக்கவில்லை. ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, மெல்ல விட்டா. அது சோக்குக் கோடுகளின் மேலால் உருண்டு கோட்டை வாசலில் நின்றது.

பதினெட்டு.

தம்பி மேசையில் அடித்த அடியில் குண்டூசிப் பெட்டி கவிழ்ந்தது. நான் சிரித்த சிரிப்புக்குத் தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முட்டி சிதறியது என்றார் நானா. எங்கோ தூரத்தில் நடந்துகொண்டிருந்த சாகாதவர் ஒரு மரத்தடியில் குந்தி, சாம்பலாய் உதிர்ந்தார். இனி பதினோராம் நாள் இல்லை. வாள்காரி ஒரேயொரு புள்ளி உயிரோடு ஓட்டாஞ்சில்லுகளின் நடுவில் எழும்பி நின்றாள். அக்கா, அவளுடைய விபரம் எழுதிய தாளில் உயிர் போனதற்குப் பென்சிலால் போட்டிருந்த புள்ளடிக் குறியை அழித்து ஊதினா.

நானா இன்னும் கிழவியின் குரலிலேயே இருந்தார். “அப்ப அண்ணன் இனி வரமாட்டார், என்ன?”

மூன்று கிழமையும் அந்தப் பக்கத்தை ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

“வாள்காரி என்ன செய்றா?” என்று நானா தன் குரலில் கேட்டார். வாளைத் தேடுவா, இல்லாவிட்டால் கோட்டைப் பொன்னில் பங்கு கேட்பா என்று நான் நினைத்தேன்.

“செத்த வீட்டில என்ன செய்ற? ஒண்டும் கதைக்கயில்ல. கிழவிக்குப் பக்கத்தில போய் இருக்கிறன்” என்ற அக்கா, தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் ஒருநாளும் போகாத மேசையின் அந்தப் பக்கம் போய், நானாவுக்குப் பக்கத்தில் வைத்து அதில் இருந்தா.