சக்கரம் சுற்றிய கை

மாமியார் படுத்த படுக்கையான பிறகு மலச்சிக்கல் முற்றிப்போனது. வயிற்றின் வலது பக்கம் கையை மேலேற்றி, குறுக்கே கொண்டுபோய், இடது பக்கம் இறக்கி நீவிவிடச் சொன்னார் நர்ஸ். எனக்கும் மாமியாருக்கும் பேச்சே குறைவு. கூச்சத்தோடுதான் எண்ணெயைத் தொட்டேன். பட்டாசுக் கம்பெனியில் நாளெல்லாம் தரைச்சக்கரம் சுற்றும் என் கை, பழக்கத்தில் எதிர்ப்பக்கமாகவே போனது.

முன்பு அதே வேலை பார்த்தவர் மாமியார். கண்ணைத் திறந்தார்.

"ஏத்தா, என் வயித்துல சக்கரமா சுத்துற?"

"ஐயோ, ஆமாத்தே! கை அங்கனயே போகுது. கோவிச்சுக்கிடாதீக."

"சரி சரி, திரிய வச்சிராத!"

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்லாக இறுகியிருந்த வயிறு குலுங்கியது. அந்தச் சிரிப்பு முதலில் என் உள்ளங்கைக்குத்தான் தெரிந்தது.

தினமும் நீவ நீவ வயிறும் இளகியது. இப்போது கைக்குச் சரியான பக்கம் பழகிவிட்டது. ஆனாலும் சில நாள் வேண்டுமென்றே தப்பாக ஆரம்பிக்கிறேன்.