பொழுது சாயும் முன் ஒரு மாத்திரை

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுப்பவள் சுனந்தா. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு வாயில் புண் வந்தது. பிறகு முதுகில் கொப்புளங்கள். ரவிக்கை உரசினாலே தோல் வழன்று வந்தது. பெம்பிகஸ் என்றார் தோல் டாக்டர் தேவிப்ரியா. காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தோலைப் பிரித்துப் போடும் நோய். மாத்திரையில் அடங்கியது, ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது.

ஒரு ஆராய்ச்சிக்காக அவளிடமும் மகள் சௌம்யாவிடமும் ரத்தம் எடுத்திருந்தார்கள். முடிவு வந்த அன்று சுனந்தாவுக்கு ஒரே கேள்விதான்.

"எனக்கு என்ன ஆனாலும் சரிங்க. இவளுக்கு இருக்குதா?"

"இருக்குங்க. உங்களுக்கு இருக்கற அதே மரபணு வகைதான்."

சௌம்யா தாயின் தோளில் இடித்தாள். "ஏம்மா, எனக்குன்னு சேத்து வெச்ச சொத்து இதானா?"

டாக்டர் மேஜைமேல் இருந்த எவர்சில்வர் தட்டை இழுத்தார். "இந்த மரபணு இப்பிடி ஒரு தட்டு செய்யுதுங்க. கிருமியோட துண்டை அதுல வெச்சுக் காவல்கார செல்லுக்குக் காட்டும். ஆளாளுக்குத் தட்டோட வடிவம் மாறும். உங்க தட்டுல, தோலை ஒட்டி வெச்சிருக்கற பசையோட துண்டும் கச்சிதமா உக்காருது. காவல்காரன் அதையும் எதிரின்னு நெனச்சுட்டான்."

"அப்போ இவளுக்கும்..."

"இந்தத் தட்டு இருக்கறவங்க ஏராளம். நோய் வர்றவங்க ரொம்பக் கம்மி. ஏன் சிலருக்கு மட்டும்னு எங்களுக்கே முழுசா தெரியல."

"எங்கேருந்து வந்துச்சுங்க இது?"

"உங்கம்மாகிட்டருந்தோ அப்பாகிட்டருந்தோ. அவங்களுக்கு முன்னாடி எத்தனை தலைமுறையோ! எந்தக் கொள்ளைக் காய்ச்சல்ல யாரைக் காப்பாத்துச்சோ, யார் கண்டா?"

சுனந்தா, தான் செய்த வினைதான் முதுகில் கொப்புளிக்கிறது என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள். வாரிசுச் சான்றுக்கு எத்தனையோ மனு அடித்த விரல்கள் அவளுடையவை, மூன்று தலைமுறைக்கு மேல் ஒருவரும் பெயர் சொன்னதில்லை. இங்கோ, எந்தப் பட்டாவிலும் ஏறாத யார் யாரோ, காய்ச்சலில் பிழைத்து எழுந்து, வரிசையாக வந்து அவள் ரத்தத்தில் நிற்கிறார்கள்.

"அது கெடக்கட்டும்," என்றார் டாக்டர். "நோய் ஏன் திரும்புச்சு? ராத்திரி மாத்திரை போடறீங்கல்ல?"

சுனந்தா தலை குனிந்தாள். சௌம்யாதான் போட்டு உடைத்தாள். "நாங்க ஜைனருங்க டாக்டர். பொழுது சாஞ்சா அம்மா பச்சத்தண்ணிகூட தொடமாட்டாங்க. நீங்க ராத்திரின்னு எழுதிட்டீங்க, இவங்க காலைல உள்ளதை மட்டும் போட்டுட்டு, அந்த மாத்திரையையே உட்டுட்டாங்க."

"ஊருக்கெல்லாம் மனு எழுதறீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சாப்ட்டுட்டுப் போடுங்க, போதும்."

அன்று ஐந்து மணிக்கு ஊரை ஒட்டிய மலைமேல் இன்னும் வெயில் இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சௌம்யா கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டு, சுனந்தா மாத்திரையை விழுங்கினாள். பிறகு மகளின் கையைப் பிடித்து, வழவழப்பான அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கொப்புளம் தேடறியா?"

"இல்லடி. இதுக்குள்ள எவ்ளோ பேர் இருக்காங்கன்னு பாக்கறேன்."